“நான் எதுக்கும் லாயக்கில்லை”: மனச்சோர்வு பற்றிக் கேள்வி பதில்

மனச்சோர்வு பற்றியும் அதற்கான எண்ணச் சிகிச்சை (சிபிடி என்பார்கள், எண்ணங்களைப் பேசிச் சோதித்துப் பார்ப்பது) பற்றியும் கேட்கலாம் என்று சொன்னதும் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் மாற்றிவிட்டேன். நான் உளவியலாளர். மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர். அதனால் மருந்து பற்றிப் பொதுவாகத்தான் சொல்வேன்.

பாலக்கோடு பக்கமிருந்து ஒரு அம்மா: வீட்டுக்காரர் தக்காளி போட்டார். விலை படுத்துவிட்டது. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று செடியிலேயே விட்டுவிட்டோம். அதிலிருந்து இரண்டு மாதமாகத் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. சோறு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே முழித்துக்கொள்கிறார். “நான் எதுக்கும் லாயக்கில்லை” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். கடன் அடைந்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். இது கஷ்டமா, வியாதியா?

இரண்டும்தான் அம்மா. நஷ்டம் நிஜம், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மனம் வாடிப்போவதோ எதிலும் பிடிப்பில்லாமல் போவதோ இரண்டு வாரமாவது தினமும் நீடித்து, கூடவே தூக்கம், பசி, வேலை எல்லாம் கெட்டால் மருத்துவம் அதை மனச்சோர்வு என்கிறது. நீங்கள் சொல்வது இரண்டு மாதம். காத்திருக்க வேண்டாம், காட்டுங்கள்.

அவர் வாயில் வரும் அந்த வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் (1921–2021) என்ற மனநல மருத்துவர் இருந்தார். உள்ளே அடக்கிய கோபம் தன் மேலேயே திரும்புவதுதான் மனச்சோர்வு என்று அன்று நம்பினார்கள். அவரும் அப்படித்தான் படித்தவர். அதை நிரூபிக்க நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். அங்கே கோபத்தைக் காணோம். இழப்பு, தோல்வி, யாரும் வேண்டாம் என்று ஒதுக்கியது போன்றவையே திரும்பத் திரும்ப வந்தன. விழித்திருக்கும்போதும் அவர்கள் மனதில் அதே தினுசு எண்ணங்கள் கேட்காமலே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவற்றை மூன்றாகப் பிரித்தார்: தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, வரப்போகும் காலத்தைப் பற்றி.

உங்கள் வீட்டுக்காரர் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். “நான் லாயக்கில்லை.” “ஊரில் எல்லோரும் என்னைக் கேவலமாகப் பார்க்கிறார்கள்.” “இனி எதைப் போட்டாலும் தேறாது.” மூன்றும் இருக்கும். ஒரே நாளில் மண்டியில் அத்தனை பேருக்கும் விலை விழுந்தது. பக்கத்துத் தோட்டக்காரருக்கும் அதே நஷ்டம்தான். அவரை லாயக்கில்லாதவர் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வாரா? மாட்டார், “பாவம், நேரம் சரியில்லை” என்பார். தனக்கு மட்டும் வேறு தீர்ப்பு எழுதுகிறார். சிகிச்சையில் நாங்கள் உட்கார்ந்து பேசுவது இந்த இடத்தைத்தான்.

கடனையும் விட்டுவிடக் கூடாது. சங்கத்திலோ வங்கியிலோ தவணையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க ஒருவர் போய் நிற்க வேண்டும். இப்போது அவரால் அது ஆகாது. மச்சினரோ அண்ணனோ கூடப் போகட்டும். ஒன்று தீர்ந்த பிறகு மற்றொன்று என்று வரிசை கட்டாதீர்கள்.

ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் ஒரு தம்பி: “பாசிட்டிவா யோசி” என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேட்டாலே எரிச்சலாக வருகிறது. சிபிடி என்பதும் அதேதானா?

அதே இல்லை, தம்பி. உங்கள் எரிச்சல் நியாயமானது. “நான் தோற்றவன்” என்று நினைப்பவரிடம் “நான் ஜெயிப்பேன்” என்று சொல்லச் சொன்னால், முதலாவதற்காவது அவரிடம் நாலு ஆதாரம் இருக்கும், இரண்டாவதற்கு ஒன்றும் இருக்காது. மனம் எப்படி ஏற்கும்?

சிபிடியில் எண்ணத்தைச் சோதிக்கிறோம். ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொள்வோம். உங்கள் மாதிரி ஒருவர் எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது: ஷிஃப்ட் முடிந்து போகும்போது சூப்பர்வைசர் முகம் கொடுத்துப் பேசவில்லை. எண்ணம்: “என்னைத் தூக்கப்போகிறார்கள்.” எவ்வளவு நம்புகிறேன்: நூற்றுக்கு 90. மனநிலை: பயம், சோர்வு, 80. பிறகு ஆதாரம். எண்ணத்தின் பக்கம் இருப்பது: அவர் பேசவில்லை, போன மாதம் இரண்டு பேரை நிறுத்தினார்கள். எதிர்ப்பக்கம்: அன்று அவர் யாரிடமும் பேசவில்லை, லைன் நின்றதற்கு மேலே திட்டு வாங்கியிருந்தார், நிறுத்தப்பட்ட இரண்டு பேரும் ஒப்பந்தம் முடிந்தவர்கள். மறுபடி எண்ணம்: “என்னைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.” நம்பிக்கை 90-இலிருந்து 40. பயம் 80-இலிருந்து 50.

பயம் முழுசாகப் போகவில்லை, பார்த்தீர்களா? போகும் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் அவர் போய்க் கேட்கிறார் பாருங்கள், அது முக்கியம். சில நேரம் சோதித்தால் எண்ணம் சரி என்றே தெரியும், வேலை நிஜமாகவே போகப்போகிறது என்று. அப்போது பேச்சு வேறு வேலை தேடுவதைப் பற்றி மாறும்.

கிருஷ்ணகிரி, கல்லூரி மாணவி: மூளையில் செரட்டோனின் குறைவதுதான் காரணம் என்று படித்தேன். நீங்கள் எண்ணம் என்கிறீர்கள். எது சரி?

ஒரே ஒரு ரசாயனம் குறைந்து மனச்சோர்வு வருகிறது என்ற விளக்கத்தை ஆராய்ச்சி இன்று தாங்கவில்லை. மரபு, உடல்நலம், சின்ன வயதில் பட்டது, வறுமை, தனிமை, எண்ணம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது. எண்ணம் மாறும்போது மூளையின் இயக்கமும் மாறும், ஏனென்றால் எண்ணமும் மூளையில்தான் நடக்கிறது.

உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு ஆராய்ச்சி சொல்கிறேன். 1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தப்ப வழியில்லாமல் மின் அதிர்ச்சி வாங்கிய நாய்களில் பெரும்பாலானவை, பிறகு வழி திறந்திருந்தும் நகரவில்லை. படுத்தபடியே கிடந்தன. என்ன செய்தாலும் பயனில்லை என்று கற்றுக்கொண்டுவிட்டன என்றார்கள். மனிதர்களுக்கு இது அப்படியே பொருந்தவில்லை. அதே அடி வாங்கியும் சிலர் எழுந்துவிடுகிறார்களே? 1978இல் அபிராம்சன், செலிக்மன், டீஸ்டேல் மூவரும் அதைத் திருத்தினார்கள். கெட்டது நடந்தால் அதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணத்தில் விஷயம் இருக்கிறது என்றார்கள். தேர்வில் தோற்ற பெண் “என் மேல்தான் தப்பு, இது மாறாது, எதிலும் நான் இப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டால் சோர்வு ஆழமாகும். “இந்தப் பேப்பருக்கு நான் சரியாகத் தயாராகவில்லை” என்றால் வருத்தம் இருக்கும், அடுத்த முறை உட்கார்ந்து படிக்கவும் முடியும்.

இதை விட அழகானது பின்னால் வந்தது. மேயர் மூளை ஆய்வுக்குப் போனார். 2016இல் அவரும் செலிக்மனும் சேர்ந்து பழைய கோட்பாட்டையே தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவது யாரும் கற்றுக்கொள்வதில்லை, அது உடம்பு தானாகக் காட்டும் எதிர்வினை. “என்னால் ஏதோ செய்ய முடியும்” என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது. சொந்த முடிவைப் பிறகு தாங்களே மாற்றி எழுதிய அந்த நேர்மைக்காகவே எனக்கு இவர்களைப் பிடிக்கும்.

அரூரிலிருந்து ஒருவர்: அம்மாவுக்கு 60 வயது தாண்டிவிட்டது. அப்பா போனதிலிருந்து கட்டிலை விட்டு எழுவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. நோட்டில் எழுதும் சிகிச்சை அவருக்கு எப்படி ஆகும்?

எழுத வேண்டியதே இல்லை. அம்மாவுக்கு ஏற்றது செயலிலிருந்து தொடங்கும் சிகிச்சை. அதை நடத்தை ஊக்கச் சிகிச்சை என்போம். சோர்வு வந்தால் ஆள் முடங்குகிறார். முடங்கினால் சந்தோஷம் தருவதும், “நான் ஒரு காரியம் செய்தேன்” என்ற நிறைவு தருவதும் வாழ்க்கையிலிருந்து நின்றுபோகின்றன. அதனால் சோர்வு கூடுகிறது. மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருந்தால் மனசு வராது. முதலில் சின்னதாகச் செய்ய வேண்டும், மனசு பின்னால் வரும்.

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் பட்டேலும் குழுவும் 493 பேரிடம் இதைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். சிகிச்சை கொடுத்தவர்கள் டாக்டர்களோ உளவியலாளர்களோ இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். ஆறு முதல் எட்டு முறை சந்திப்பு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கு நோய் தணிந்திருந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். நம் ஊர் மாதிரி இடத்துக்கு இதைவிட நம்பிக்கை தரும் ஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை.

அம்மாவிடம் முன்பு என்ன செய்வார் என்று கேளுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுவாரா, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவாரா, பக்கத்து வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருப்பாரா? அதில் ஆகச் சின்னதை எடுங்கள். “நாளை காலை டீயைக் கட்டிலில் குடிக்காமல் வாசல் திண்ணையில் குடிக்க வேண்டும்.” நேரமும் இடமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேளுங்கள். கொஞ்சம் தேவலை என்றாலும் இல்லை என்றாலும் அது தகவல்தான். அடுத்த வாரம் ஒரு படி கூட்டலாம். “எழுந்து நட, சும்மா படுக்காதே” என்று அதட்டாதீர்கள். ஏற்கெனவே அவர் மனம் அதைத்தான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரு முறை ரத்தமும் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு மூன்றும் இதே மாதிரி அசதியைக் கொடுக்கும்.

பென்னாகரம் பக்கம், ஒரு அக்கா: தம்பி பெங்களூரில் கட்டட வேலை. தம்பி மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். அழுதுகொண்டே இருக்கிறாள், குழந்தையைத் தொடப் பயப்படுகிறாள். காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள். சரியாகவில்லை.

பிரசவத்துக்குப் பின் முதல் சில நாள் அழுகை பலருக்கும் வரும், தானே போகும். இரண்டு மாதம் நீடிப்பது பிரசவத்துக்குப் பின்வரும் மனச்சோர்வாக இருக்கக்கூடும். நன்றாகக் குணமாகும். கோயிலுக்குப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை, ஆனால் இந்த வாரமே டாக்டரிடமும் கூட்டிப்போங்கள். தடுப்பூசிக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொன்னாலும் வழி காட்டுவார். காதில் குரல் கேட்கிறது என்றாலோ, குழந்தையைப் பற்றிச் சம்பந்தமில்லாமல் பேசினாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. தாயையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள். தம்பியை நாலு நாள் லீவு போட்டு வரச் சொல்லுங்கள்.

பர்கூர்: மாத்திரை போட்டால் பழகிவிடும், ஆயுசுக்கும் போட வேண்டும் என்கிறார்களே?

செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற மாத்திரைகள் சாராயம் மாதிரி அடிமைப்படுத்துவதில்லை. இரண்டிலிருந்து நாலு வாரத்தில்தான் வேலை செய்யத் தொடங்கும். ஒரு வாரம் போட்டுவிட்டு “கேட்கவில்லை” என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும், டாக்டர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எண்ணச் சிகிச்சையா மாத்திரையா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் மிதமானதும் கடுமையானதுமான மனச்சோர்வுள்ள 240 பேரிடம் செய்த ஆய்வு 2005இல் வந்தது. 16 வாரத்தில் இரண்டிலும் 58 சதவீதம் பேர் தேறினார்கள். தேறியவர்களை அடுத்த ஒரு வருடம் பார்த்தார்கள். மாத்திரையை நிறுத்தியவர்களில் சுமார் 76 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, எண்ணச் சிகிச்சை முடித்தவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு. கற்றது கையில் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அனுபவமுள்ள சிகிச்சையாளர்கள் செய்தது அது, அதையும் சொல்ல வேண்டும். கடுமையாக இருந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்வதே என் பரிந்துரை.

காவேரிப்பட்டினம்: படுத்தால் “ஏன் எனக்கு இப்படி” என்று அதே நினைப்பு ஓடுகிறது. குவார்ட்டர் போட்டால்தான் தூக்கம்.

குடி தூங்க வைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும். மறுநாள் சோர்வு கூடும். முதலில் அதைக் குறைக்க வேண்டும். தினமும் குடிப்பவரானால் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

அந்த நினைப்பைப் பற்றி சூசன் நோலன்-ஹெக்சிமா என்ற உளவியலாளர் நிறைய ஆராய்ந்தார். “ஏன்” என்று அசைபோடுவது பிரச்சினையைத் தீர்ப்பது போலத் தோன்றும், உண்மையில் சோர்வை நீட்டிக்கும். “ஏன் இப்படி” என்பதை “நாளை காலை முதலில் என்ன செய்வேன்” என்று மாற்றிக் கேளுங்கள். கால் மணி நேரத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள்.

ஊர் குறிப்பிடாத ஒருவர்: இருந்து என்ன ஆகப்போகிறது என்று அடிக்கடி தோன்றுகிறது.

இதை எழுதியதற்கு நன்றி. இன்றே ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், இன்று இரவு தனியாக இருக்காதீர்கள். 14416 டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். அரசின் சுகாதார உதவி எண் 104-க்கும் கூப்பிடலாம். “எதுவும் மாறாது” என்பது இந்த நோயில் மிக அழுத்தமாக நம்ப வைக்கும் எண்ணம். அது நோயோடு வந்தது, நோய் தணியும்போது அதன் பிடியும் தளர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் வேறு ஒருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். அலை மாதிரி வரும் அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்காதீர்கள். 2017ஆம் வருட மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டனைக்கு உள்ளாக்கச் சொல்லவில்லை.

பலர் கேட்டது: எங்கே போவது, முதல் நாள் என்ன கேட்பார்கள்?

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரியில் போலுப்பள்ளி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மனநலப் பிரிவு என்று கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் டாக்டர் வரும் நாள் உண்டு, அங்கேயே விசாரியுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனை பக்கம். தனியாரிடம் போவதானால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள், தயங்க வேண்டாம்.

முதல் நாள் தூக்கம், பசி, வேலை, குடி, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, உயிரை விடும் எண்ணம் உண்டா என்று கேட்பார்கள். எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு நாள்கணக்கில் இருந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள், மருந்தே மாறும். பழைய சீட்டுகள், தைராய்டு ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப்போங்கள். எண்ணச் சிகிச்சை வழக்கமாக 12 முதல் 20 அமர்வு வரை போகும், வாரம் ஒன்று. தூரம் அதிகம், பஸ் செலவு கட்டாது என்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனில் பேசுவதும் நேரில் வருவதுமாகக் கலந்து போட்டுக்கொள்ளலாம்.