பூட்டிய வீடும் மூச்சிரைப்பும்

கேள்வி: கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டைப் முன்னோர் வழிபாடான படைப்புக்காகத் திறக்கும்போதெல்லாம், ஆஸ்துமா உள்ள என் மகளுக்கு மூச்சிரைக்கிறது. என்ன செய்யலாம், டாக்டர்?
– வாசகி, காரைக்குடி

பதில்: மாதக்கணக்கில் அடைபட்ட அறைகளில் படியும் தூசி, மெத்தைகளில் வாழும் தூசிப்பூச்சிகள், மழைக்காலப் பூஞ்சை ஆகியவை மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்வதால், மகள் வருவதற்குச் சில நாட்கள் முன்பே வேறொருவர் வீட்டைத் திறந்து காற்றோட விட வேண்டும். பெருக்கினால் தூசி மேலெழும் என்பதால், ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தை ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மகள் இருக்கும்போது சாம்பிராணிப் புகை வேண்டாம். படைப்பு நாளானாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மருத்துவர் தந்த தடுப்பு இன்ஹேலரை, மூச்சு சீராக இருக்கும் நாட்களிலும் நிறுத்தாமல் எடுத்து, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். நிவாரண இன்ஹேலர் எப்போதும் கைவசம் இருக்கட்டும். அதற்கும் அடங்காமல், பேச முடியாத அளவுக்கு இரைத்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.