70 மணி நேரம் 40 ஆனால்? – விமானிகளின் டியூட்டி பட்டியல் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகன் ஒரு தனியார் விமான நிறுவனத்தில் துணை விமானி. சென்னைதான் பேஸ், அதாவது பணி தொடங்கி முடியும் ஊர். புதிதாக ரோஸ்டர் (டியூட்டி பட்டியல்) போடும் சாஃப்ட்வேர் கொண்டுவருகிறார்களாம். அதோடு ஒப்பந்தத்துக்கு ஓர் இணைப்பு அனுப்பி, பத்து நாளில் கையெழுத்து கேட்கிறார்கள். உத்தரவாத மணி நேரம், அதாவது பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதாமாதம் சம்பளம் கிடைக்கும் மணி நேரம், 70 என்று இருந்தது அதில் 40 ஆகியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: போடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகை. உங்கள் மகனின் சம்பளச் சீட்டில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் அவர் 75 மணி நேரம் பறந்தால் பழைய முறையிலும் 2,25,000, புதிய முறையிலும் 2,25,000. நிறுவனம் இந்த மாதத்தைத்தான் உதாரணமாகக் காட்டும். அடுத்த மாதம் 55 மணி நேரம்தான் கிடைக்கிறது. பழைய முறையில் 70 மணிக்கு உண்டானது, அதாவது 2,10,000, அப்படியே வரும். புதிய முறையில் 55 மணிக்கு 1,65,000. நாற்பத்தைந்தாயிரம் குறைகிறது.

அந்த மாதம் ஏன் 55 ஆனது என்பதுதான் விஷயம். அவர் வேலைக்கு மறுத்ததால் அல்ல. சாஃப்ட்வேர் அப்படிப் பட்டியல் போட்டதால். உத்தரவாதம் 70 என்றால், சும்மா உட்கார்ந்திருக்கும் விமானி நிறுவனத்துக்குச் செலவு. அதனால் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கப் பார்ப்பார்கள். 40 என்றால் அந்தச் செலவு விமானியின் தலையில் விழுகிறது. சம்பளம் ஒரு பேச்சு, ரோஸ்டர் வேறொரு பேச்சு என்று நிர்வாகம் பிரித்துப் பேசும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2024-ன் தொடக்கத்தில் விஸ்தாரா விமான நிறுவனத்தில் நடந்தது இதுதான். ஏர் இந்தியாவுடன் இணைவதற்காக 70 மணி நேர உத்தரவாதத்தை 40 ஆக்கினார்கள். ஏற்கெனவே பட்டியல் இறுக்கிக் கட்டப்பட்டிருந்த நேரம். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் விமானங்கள் வரிசையாக ரத்தாகி, கடைசியில் நாளுக்கு 25-30 சேவைகளை நிறுவனமே குறைத்துக்கொண்டது.

இணைப்பில் விரல் வைத்துத் தேட வேண்டிய இடங்கள் சில உண்டு. ஸ்டாண்ட்பை நாளுக்கு, அதாவது அழைத்தால் வரத் தயாராக இருக்க வேண்டிய நாளுக்கு, எத்தனை மணி நேரம் வரவு? அழைக்கவில்லை என்றால் பூஜ்யமா? பயணியாக உட்கார வைத்து வேறு ஊருக்கு அனுப்பும் நேரத்துக்குக் காசு உண்டா? மணிக்கணக்கு அட்டவணைப்படியா, நிஜமாகப் பறந்தபடியா? பட்டியல் மாதம் எந்தத் தேதிக்குள் வெளியாகும், வெளியான பிறகு மாற்றினால் என்ன இழப்பீடு? இவ்வளவும் நன்றாகவே இருந்து, கடைசி வரியில் 'நிறுவனக் கொள்கைப்படி அவ்வப்போது மாற்றத்துக்கு உட்பட்டது' என்று இருந்தால், மேலே படித்த எதற்கும் மதிப்பில்லை.

பத்து நாள் கெடு பற்றி: வேலை நேரம், ஓய்வு இடைவேளை, சம்பளம் போன்றவற்றைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பழைய தொழில் தகராறுகள் சட்டத்திலும் இது இருந்தது; 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. 'விமானி தொழிலாளி அல்ல, மேற்பார்வையாளர்' என்று நிறுவனம் வாதாடும். விமானியும் தொழிலாளியே என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2025-ல் சொல்லியிருக்கிறது. ஆகவே மகனை ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்: இணைப்பு கிடைத்த தேதி, எந்தெந்தப் பத்திகளுக்கு ஆட்சேபம், பதில் வரும்வரை பழைய நிபந்தனைகளிலேயே பணி. வாட்ஸ்அப் குழுவில் கொட்டித் தீர்ப்பது சாட்சியாக நிற்காது.

வேலையை விடுவதென்றால் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி கேப்டனுக்கு ஓராண்டு, துணை விமானிக்கு ஆறு மாதம் நோட்டீஸ். அதே விதியில் பலரும் கவனிக்காத ஒரு வரி: நோட்டீஸ் காலத்தில் சம்பளத்தையோ நிபந்தனைகளையோ பாதகமாக மாற்றினால், முன்கூட்டியே விடுவிக்கச் சொல்லி விமானி கேட்கலாம்.

கேள்வி: ஓய்வு நேரத்தைத்தான் அரசே விதித்திருக்கிறதே. சட்டத்துக்கு உட்பட்டுப் பட்டியல் போட்டால் தகராறு எங்கிருந்து வருகிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வில்லியனூர்

பதில்: அந்த உட்பட்ட இடத்திலிருந்துதான் வருகிறது. வாரத்துக்கு 35 மணி நேரம், 28 நாளில் 100, ஆண்டுக்கு 1,000 என்பது பறக்கும் நேரத்தின் உச்சவரம்பு. இரு டியூட்டிகளுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரம் ஓய்வு. முந்தைய டியூட்டி அதைவிட நீளம் என்றால் அந்த அளவு. வார ஓய்வு 36 மணி நேரமாக இருந்தது, 2025 ஜூலை 1 முதல் 48 ஆனது. இவையெல்லாம் தாண்டக் கூடாத கோடுகள். கையால் பட்டியல் போட்ட காலத்தில் கோட்டுக்கு நாலடி தள்ளியே நிற்பார்கள். சாஃப்ட்வேர் கோட்டின் மேலேயே நிற்கும்.

ஒரு பட்டியலைக் கிட்டத்தில் பாருங்கள். திங்கள் பகல் 1 மணிக்கு ரிப்போர்ட்டிங், இரவு 10.40-க்கு முடிவு. சரியாக 12 மணி நேரம் கழித்து செவ்வாய் காலை 10.40. அன்று 9.50-க்கு முடிகிறது, புதன் காலை 9.50. புதன் இரவு 8.45-க்கு முடிந்து வியாழன் 8.45. வியாழன் 7.40-க்கு முடிந்து வெள்ளி காலை 7.40. ஒவ்வொரு நாளும் 12 மணி நேர ஓய்வு உண்டு. ஆனால் பகல் 1 மணிக்குத் தொடங்கிய வாரம் வெள்ளிக்குள் காலை 7.40-க்கு வந்துவிட்டது. தூக்கத்தைத் தள்ளிப்போடுவது உடம்புக்குச் சுலபம். முன்னே இழுப்பது கஷ்டம். அந்த 12 மணியிலும் வீட்டுக்குப் போக ஒரு மணி, திரும்பி வர ஒன்றரை மணி, சாப்பாடு, குளியல் எல்லாம் போனால் தூங்க மிஞ்சுவது ஆறேழு மணிதான்.

சாஃப்ட்வேருக்குள் இரண்டு வகை விதிகள் உண்டு. கடின விதியை அது மீறவே மீறாது. மென்விதிக்கு ஓர் அபராத விலை வைத்திருப்பார்கள். மீறினால் மிச்சமாகும் பணம் அந்த விலையைவிட அதிகம் என்றால் மீறிவிடும். அரசு விதிகள் முதல் வகையில் இருக்கும். 'தொடர்ந்து டியூட்டி தொடங்கும் நேரத்தை முன்னே இழுக்காதே', 'கேட்ட விடுப்பைக் கொடு' போன்றவை பெரும்பாலும் இரண்டாவதில்தான். பேச்சுவார்த்தைக்குப் போகிற சங்கம் முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டு பட்டியல்களையும்தான். நல்ல சாஃப்ட்வேரா, கெட்டதா என்று வாதாடுவது வீண். அதற்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் பேச்சு.

நிறுவனங்களுக்கும் இதில் அடி உண்டு. 2025 நவம்பர் 1 முதல் ஒரு விமானி செய்யக்கூடிய இரவு நேரத் தரையிறக்கத்தின் வரம்பு ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை என்றிருந்த 'இரவு' 6 மணி வரை நீண்டது. அதற்கேற்ற ஆள் கைவசம் இல்லாமல் டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பிறகு 2026 பிப்ரவரி 10 வரை அந்த நிறுவனத்துக்கு இரவு விதிகளில் தளர்வு கொடுத்தார்கள்.

கேள்வி: மருமகன் விமானி. சென்னை பேஸ். புதுச்சேரியிலேயே வீடு வாங்கி இங்கிருந்து போய்வரலாம் என்கிறார். சரிவருமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: ஸ்டாண்ட்பை இல்லாத நாட்களுக்குச் சரிவரும். சென்னை விமான நிலையம் சுமார் 150 கி.மீ., மூன்று மணி நேரம். வீட்டு ஸ்டாண்ட்பையில் அழைத்தால் எத்தனை நிமிடத்தில் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அது மூன்று மணிக்குக் குறைவாக இருந்தால் சென்னையில் ஓர் அறையாவது வேண்டும். அந்த வாடகையையும் வீட்டுக் கடன் தவணையோடு கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: பட்டியல் பிடிக்காவிட்டால் எல்லோரும் ஒரே நாளில் 'உடம்பு சரியில்லை' என்று போட்டால் என்ன? எங்கள் டிப்போவில்கூட இந்தப் பேச்சு அடிபடுகிறது.
– பேருந்து ஓட்டுநர், மஞ்சக்குப்பம்

பதில்: வேண்டாம். புதிய சட்டத் தொகுப்பின்படி, ஒரே நாளில் 50 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்டோர் பேசி வைத்துக்கொண்டு கேஷுவல் லீவ் எடுத்தாலே அது வேலைநிறுத்தம். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் விமானப் பணியாளர்கள் கூட்டமாக நோய் விடுப்பு எடுத்தபோது சுமார் 25 பேருக்கு வேலைநீக்கக் கடிதம் போனது. தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் பேசித்தான் அது திரும்பப் பெறப்பட்டது.

நிஜமாகவே களைத்திருக்கும் விமானிக்கு வேறு வழி உண்டு: களைப்பு அறிக்கை. களைப்பு என்று தெரிந்தால் பறக்கக் கூடாது என்பதே விதி. 'மிகவும் சோர்வு' என்று ஒரு வரி எழுதினால் கோப்பில் தூங்கும். கடந்த 24 மணியில் தூங்கியது எத்தனை, 48 மணியில் எத்தனை, விழித்து எத்தனை மணி ஆகிறது, வெளியான பட்டியல் என்ன, அது எத்தனை முறை மாறியது என்று எண்ணாக எழுத வேண்டும். அதனால்தான் பட்டியல் வெளியான அன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். செயலியில் மாற்றம் வந்ததும் பழையது மறைந்துவிடும். இது உங்கள் டிப்போ சார்ட்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: அமெரிக்காவில் விமானிகளே தங்கள் பட்டியலைத் தேர்ந்தெடுப்பார்களாமே?
– கல்லூரி மாணவர், நெய்வேலி

பதில்: விருப்பம் சொல்வார்கள், கிடைப்பது சீனியாரிட்டி எண்ணைப் பொறுத்தது. பந்தியில் கடைசி வரிசைக்கு அப்பளம் மிஞ்சுகிற கதைதான். அங்கே ஒப்பந்தத்துக்குக் காலாவதி கிடையாது, 'திருத்தத்துக்கு உரியது' ஆகும். புதியது கையெழுத்தாகும்வரை பழையது ஓடும். சாஃப்ட்வேர் அங்கும் சறுக்கும். 2022 ஜூலையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் ஒரு கோளாறால், விமானிகள் தங்கள் டியூட்டியைத் தாங்களே கழற்றிவிட முடிந்தது. சுமார் 12,000 விமானங்களுக்கு ஆளில்லாமல் போனது. கழற்றிய டியூட்டியை நிறுவனம் திரும்பச் சுமத்த, சங்கம் மல்லுக்கு நிற்க, இரட்டைச் சம்பளத்தில் சமாதானம் ஆனது.

கேள்வி: 'செயல்பாட்டுக் காரணம்' என்று சொல்லி, கிளம்ப நாலு மணி நேரம் முன்பு என் புதுச்சேரி–பெங்களூரு விமானத்தை ரத்து செய்தார்கள். இழப்பீடு கிடைக்குமா?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: பணத்தைத் திருப்பித் தருவது அல்லது மாற்று விமானம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. லாஸ்பேட்டை ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான், ஏ.டி.ஆர். ரகச் சிறிய விமானம் மட்டுமே வருகிறது. ஆகவே அதே நாள் மாற்று என்றால் பெரும்பாலும் சென்னையிலிருந்துதான்.

இழப்பீடு தனி. பயண நேரம் ஒரு மணிக்கு மேல் இரண்டு மணிக்குள் என்றால் 7,500 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. வேலைநிறுத்தம், தொழிலாளர் தகராறு, மோசமான வானிலை என்றால் இழப்பீடு இல்லை. பட்டியல் போடத் தெரியாமல் ஆள் பற்றாக்குறை வந்தது அந்தக் கணக்கில் சேராது. எனவே 'செயல்பாட்டுக் காரணம்' என்பதோடு விடாமல், என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம். டிக்கெட் எடுத்தபோது உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டிருந்தால், தொடர்பு விவரம் தரவில்லை என்று சொல்லியே தட்டிக் கழிப்பார்கள்.