மொட்டை மாடிக்கு ஃபோம் பலகை: சேலத்துச் சூடும் ஏற்காட்டு ஈரமும்

கே: 1,000 சதுர அடி, மாடியில்லாத காங்கிரீட் வீடு. ராத்திரி பதினொரு மணிக்கும் சீலிங்கிலிருந்து அனல் இறங்குகிறது. ஃபோம் பலகை போடலாமா? எத்தனை கனம், எத்தனை பலகை? (சூரமங்கலம்)

தாராளமாகப் போடலாம். பகலெல்லாம் வெயில் வாங்கிய காங்கிரீட், பொழுது சாய்ந்த பிறகுதான் அந்தச் சூட்டை அறைக்குள் விடும். அதனால் பலகை தளத்துக்கு மேலே வர வேண்டும். கீழே ஒட்டினால் தளம் தினமும் காய்ந்து குளிர்ந்து விரிசல் விடுவது நிற்காது.

எக்ஸ்பிஎஸ் (அழுத்தி வார்த்த, கெட்டியான பாலிஸ்டைரீன் ஃபோம்) பலகை வாங்குங்கள். 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் தடுக்கும் சூட்டை வெறும் காங்கிரீட்டால் தடுக்கப் பார்த்தால் சுமார் இரண்டரை மீட்டர் கனம் வேண்டியிருக்கும். ஆனால் கனம் கூடக்கூட லாபம் குறையும். வெறும் தளத்தின் யு-மதிப்பு (சூடு எவ்வளவு ஊடுருவும் என்ற அளவு; குறைந்தால் நல்லது) 3-க்கு மேல். 25 மி.மீ. பலகை அதை 0.9 அளவுக்கும், 50 மி.மீ. 0.5 அளவுக்கும் இறக்கும். வீடுகளுக்கான மின்சிக்கன விதித்தொகுப்பாக 2018-இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா கூரைக்குக் கேட்பது 1.2-க்கு மிகாமல். ஏசி ஓடும் வீட்டுக்கு 50 மி.மீ., ஃபேன் மட்டும் என்றால் 25 மி.மீ. போதும். 75 மி.மீ. போடச் சொல்பவர் பலகை விற்பவராகத்தான் இருப்பார்.

1,250 × 600 மி.மீ. பலகை ஒன்று எட்டு சதுர அடி மூடும். 1,000 சதுர அடிக்கு 124 பலகை, வெட்டுச் சேதாரத்தோடு 130.

வேலை வரிசை மாறக் கூடாது. முதலில் வாட்டம்: நூறு அடிக்கு ஓரடியாவது இறக்கம். அடுத்து வாட்டர்ப்ரூஃப் பூச்சு. கைப்பிடிச் சுவரில் ஓரடி உயரம் வரை ஏற வேண்டும். அதன்மேல் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். ஒழுகினால் அங்கேயே நிறுத்திச் சரிசெய்யுங்கள். பலகை போட்ட பிறகு ஒழுக்கைத் தேடுவதென்றால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும். பிறகு பலகைகளைச் செங்கல் கட்டுவது போல இணைப்பு மாறி மாறி வரும்படி அடுக்கி, இடுக்குகளை பியூ ஃபோமால் (பீய்ச்சினால் உப்பி இறுகும் பாலியூரித்தேன்) அடைத்து, ஜியோடெக்ஸ்டைல் (தண்ணீர் வடியவிடும் செயற்கை இழை) துணி விரித்து, கோழிவலை வைத்து 50 மி.மீ. காங்கிரீட் போட்டு, மேலே வெள்ளை ஓடு. காங்கிரீட்டை ஒரே பாளமாகப் போடாதீர்கள்; பத்தடிக்கொரு இணைப்பு விடாவிட்டால் முதல் கோடையிலேயே வெடிக்கும்.

தார் பிரைமர், தின்னர், பெட்ரோல் கலந்த பசை எதுவும் பலகை மேல் படக் கூடாது. பலகை கரைந்து குழி விழும். பலகை மேல் தார் ஷீட்டை கேஸ் டார்ச்சால் ஒட்டவும் கூடாது. 75 டிகிரியைத் தாண்டினால் பலகை இளகி உருக்குலையத் தொடங்கும்.

இந்தக் காங்கிரீட் மட்டும் தளத்தில் பத்து டன்னுக்கு மேல் ஏற்றும். ஆர்சிசி தளமானாலும் பழையதென்றால் இன்ஜினியரிடம் காட்டுங்கள். குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் உள்ள மர உத்தர மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு இந்த முறையே வேண்டாம்.

கே: தெர்மாகோல் பாதி விலைக்குக் கிடைக்கிறதே? (அம்மாப்பேட்டை)

டிவி பெட்டிக்குள் வரும் ரகம் என்றால் வேண்டாம். கால் பட்டாலே அமுங்கும், தண்ணீரும் இழுக்கும். கடையில் தராசு கேளுங்கள். 50 மி.மீ. கனத்தில் ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் துண்டு 375 கிராம் இருந்தால் அடர்த்தி 15 (கன மீட்டருக்கு 15 கிலோ), தளத்துக்கு உதவாது. மேலே சொன்ன அளவு எக்ஸ்பிஎஸ் பலகை 50 மி.மீ. கனத்தில் சுமார் 1.2 கிலோ இருக்க வேண்டும். அதுதான் 32 அடர்த்தி.

எந்தப் பலகையானாலும் காங்கிரீட் போடும்வரை மேலே கல் வையுங்கள். 2017-இல் வைகை அணையில் விட்ட தெர்மாகோல் காற்றில் கரை ஒதுங்கியது நினைவிருக்கும். வெயிலில் வாரக்கணக்கில் கிடந்தாலும் மேற்பரப்பு மஞ்சளாகிப் பொடியும்.

கே: வாடகை வீடு. சீலிங்கில் ஒட்டிக்கொள்ளலாமா? (ஓமலூர்)

மூடாமல் ஒட்டாதீர்கள், சமையலறையில் கேட்கவே வேண்டாம். தீப்பட்டால் உருகிச் சொட்டி, கரும்புகை கக்கும். தீத்தடுப்பு ரகமானாலும் கீழே 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை வேண்டும். வாடகை வீட்டில் அவ்வளவு செலவு எதற்கு? உரிமையாளரிடம் கேட்டு மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடியுங்கள். தூசி படிந்தால் பலன் போய்விடும், கோடைக்கு முன் கழுவுங்கள். ராத்திரி ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கே: மேற்குச் சுவருக்கும் பலகை? (ஃபேர்லேண்ட்ஸ்)

முதலில் நிழல்: பந்தல், சன்ஷேட், வெளிப்பக்க மூங்கில் திரை. அதன் பிறகும் சுட்டால் வெளியே 25 மி.மீ. பலகை. சதுர மீட்டருக்கு ஐந்தாறு ஆங்கர் (பிடிப்பு ஆணி) அடித்து, பாலிமர் கலவையில் கண்ணாடி இழை வலை புதைத்துப் பூச வேண்டும். சாதா சிமென்ட் பூச்சைப் பலகை மேல் நேராக அடித்தால் பிடிக்காது, பாளமாக உரியும். தரையோரம் ஓரடி விட்டுத் தொடங்குங்கள். கரையானும் எறும்பும் ஃபோமுக்குள் வழி குடையும்.

கே: பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. உள்ளே பலகை ஒட்டினால் சரியாகுமா? (ஏற்காடு)

காரணம் தெரியாமல் ஒட்டினால் பூஞ்சை பலகைக்குப் பின்னால் மறைந்து வளரும். இரண்டடிச் சதுர பாலித்தீனை நாலு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் ஈரமென்றால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிறது: மழைச் சாரலோ, அடித்தள ஈரமோ, குழாய்க் கசிவோ. அதற்குப் பலகை மருந்தல்ல. அறைப் பக்கம் முத்து முத்தாக நின்றால், அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. 1,500 மீட்டர் உயரத்து ஊரில் இது சகஜம்.

இரண்டாவதுக்குப் பலகை உதவும். பூஞ்சையைச் சுரண்டிக் காயவிட்டு, 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ்ஸின் முதுகு முழுக்கப் பசை தடவி ஒட்டுங்கள். நாலு உருண்டை வைத்து ஒட்டினால் பின்னால் காற்று ஓடி அங்கேயே வியர்க்கும். இணைப்புகளுக்கு அலுமினிய டேப், மேலே ஜிப்சம். சமையலறைக்கும் குளியலறைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன். பீரோவை நாலு விரல் தள்ளி வையுங்கள்.

இடுக்கெல்லாம் அடைத்த அறையில் கரி அடுப்புக் கணப்பு வைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கே: தகர ஷீட் கூரை. மழையில்லாத நாளிலும் காலையில் சொட்டுகிறது. (நாகலூர்)

ஓட்டை இல்லை. இரவில் வானத்தைப் பார்த்துக் குளிர்ந்த தகரத்தின் அடியில் அறைக் காற்று வியர்க்கிறது. ஷீட்டை மாற்றும்போது 50 மி.மீ. பஃப் பேனலாக (இரண்டு தகரத்துக்கு நடுவே பாலியூரித்தேன் ஃபோம்) வாங்குங்கள். இணைப்பிலும் கூரை முகட்டிலும் சீலன்ட் விடுபட்டால், அந்தக் கோட்டில் மட்டும் மறுபடி சொட்டும்.