லோட்டஸ் 22: பெயருக்காக 35,000 பவுண்டு கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன், வயது 54. 1962-இல் ஃபார்முலா ஜூனியர் என்ற, இளம் ஓட்டுநர்களுக்கான பந்தயப் பிரிவுக்காகத் தயாரான லோட்டஸ் 22 ஒற்றை இருக்கை கார் ஒன்று தனிநபரிடம் விலைக்கு வந்திருக்கிறது. பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தின் சொந்த அணியே அந்த ஆண்டு மொனாக்கோவில் இறக்கிய கார் என்று சொல்லி 1,10,000 பவுண்டு கேட்கிறார். அப்படிப் பெயர் எதுவும் இல்லாத, ஏறக்குறைய இதே நிலையில் உள்ள இன்னொரு 22, 75,000-க்குக் கிடைக்கிறது. வரியில்லாச் சேமிப்பான என் ஐசா கணக்கில் 80,000 உள்ளது. மீதியை வீட்டின் மேல் கடன் வாங்கிப் போடலாமா? பென்ஷன் நிதியான சிப்பிலிருந்து வாங்க முடியுமா? பிறகு விற்றால் லாபத்துக்கு வரி உண்டா?

பதில்: சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். சிப்பில் வாங்குவதை மறந்துவிடுங்கள். கார், நகை, ஓவியம் போன்ற அசையும் பொருளை அதில் வைத்தால், அனுமதியில்லாமல் பணம் எடுத்ததாகவே வரித்துறை கொள்ளும். போட்டதில் பாதிக்கு மேல் வரியாகவே போய்விடும்.

விற்பனை லாப வரியில் ஒரு நெளிவு இருக்கிறது. கார்களுக்கு வரி இல்லை என்று பொதுவாகச் சொல்வது, பயணிகளை ஏற்றும் சாலை வாகனங்களுக்குத்தான். ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் அதில் சேராது. ஆனால் இயந்திரம் எதுவானாலும் 50 ஆண்டுக்குள் தேய்ந்துபோகும் சொத்து என்றே சட்டம் கருதுகிறது. 60 வயது தாண்டிய காருக்கும் இது பொருந்தும் என்பதுதான் வேடிக்கை! அப்படித் தேயும் சொத்துக்கு இந்த வரி கிடையாது. எனவே சொந்தப் பெயரில் பொழுதுபோக்குக்காக வைத்திருந்தால் லாபத்துக்கு வரி இல்லை. வாடகைக்கு விட்டு, தொழில் கணக்கில் காட்டி, காரின் விலையை வருமானத்தில் கழிக்கும் மூலதனக் கழிவு கேட்டால் இந்தச் சலுகை போய்விடும். நட்டத்தில் விற்றாலும் அதை வேறு லாபத்தில் கழிக்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி அந்த 35,000-க்கு வருவோம். இரண்டு கார்களும் அதே குழாய்ச் சட்டகம், அதே காஸ்வர்த் என்ஜின். விலை வித்தியாசம் முழுக்கப் பெயருக்கானது. அந்தப் பெயரைத் தாங்கி நிற்பது காகிதம். காகிதம் தாங்காவிட்டால் நீங்கள் 75,000 பவுண்டு காரைத்தான் 1,10,000-க்கு வாங்குகிறீர்கள். நாளை அதை வாங்க வருபவர் உங்களைவிடக் கெட்டியாகக் கேள்வி கேட்பார்.

1962 மொனாக்கோ ஜூனியர் பந்தயத்தை லோட்டஸ் 22-இல் வென்றவர் பீட்டர் அருண்டெல். அந்த ஆண்டு அவர் குவித்த வெற்றிகளைப் பார்த்து, என்ஜின் அளவில் தில்லுமுல்லு இருப்பதாக ஜெர்மன் பத்திரிகையாளர் ரிச்சர்ட் வான் ஃபிராங்கன்பெர்க் எழுதினார். லோட்டஸ் முதலாளி காலின் சாப்மன் 1,000 பவுண்டு பந்தயம் கட்டி, இத்தாலியின் மொன்சா பந்தயத் தடத்துக்கே காரைக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டி, என்ஜினையும் அளக்கவிட்டு ஜெயித்தார். இவ்வளவு பேர்பெற்ற மாடல் என்பதால், அணிக் கார் என்று சொல்லி வரும் எதையும் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும்.

அந்தக் காலத்தில் எல்லை தாண்டும்போது சுங்கத்துக்கான கார்னே காகிதத்தில் என்ன எண் இருந்ததோ, அந்த எண் பொறித்த தகட்டை வேறு காரில் மாட்டி அனுப்புவது அணிகளிடையே சகஜம். மோதிய காருக்குப் புதுச் சட்டகம் போட்டுவிட்டு, வளைந்த பழையதை ஓரங்கட்டுவார்கள். பல ஆண்டு கழித்து வேறொருவர் அதை நிமிர்த்தி முழுக் காராக்குவார். ஒரே எண்ணுக்கு இரண்டு கார்! அடையாளச் சண்டை நீதிமன்றம் வரை போனதற்கு நல்ல உதாரணம் ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பழைய பென்ட்லி பந்தயக் கார். 1 கோடி பவுண்டுக்குப் பேசி முடித்த பிறகு, இது அசல் இல்லை என்று வாங்குபவர் பின்வாங்கினார். பாகங்கள் பல மாறியிருந்தாலும் வரலாறு அறுபடாமல் தொடர்கிறது என்று 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றம் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆக, எல்லா பாகமும் பழையதா என்பதைவிட, தொடர்ச்சி எங்காவது அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதுபோன்ற காருக்குச் சாலைப் பதிவு இருக்காது. பதிவுப் புத்தகமும் இல்லை. எனவே 1962 முதல் இன்றுவரை கைமாறிய ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீதோ கடிதமோ கேளுங்கள். அன்றைய புகைப்படங்களைப் பெரிதாக்கி, கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் உருள்வளையத்தின் வடிவம், தாங்கிகளின் பற்றவைப்பு, ரிவெட் வரிசை ஆகியவற்றைக் காரோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பழைய லோட்டஸ் கார்களுக்கான சங்கமான ஹிஸ்டாரிக் லோட்டஸ் ரெஜிஸ்டரிடமும் ஃபார்முலா ஜூனியர் சங்கத்திடமும், அதே எண்ணை வேறு யாராவது உரிமை கொண்டாடுகிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். விற்பவர் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தரும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டை நீட்டினால் மயங்கிவிடாதீர்கள். பந்தயத்தில் இறக்கத் தகுதியான வடிவில் கார் இருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். அருண்டெல் ஓட்டினாரா என்பதை அல்ல.

தனிநபரிடம் வாங்கும்போது தரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்பது தனிநபர் விற்பனைக்கும் பொருந்தும். எனவே “1962-இல் லோட்டஸ் அணி மொனாக்கோவில் இறக்கிய கார், இந்தச் சட்டக எண்” என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் 35,000 பவுண்டு கேட்கும் உரிமையும் அவருக்கு இல்லை.

காரைப் பார்க்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். இந்த மாடலில் சட்டகக் குழாய்கள் சிலவற்றின் வழியாகத்தான் ரேடியேட்டர் நீர் ஓடும். துரு உள்ளிருந்து அரிக்கும். அழுத்தச் சோதனையும் குழாய்ச் சுவரின் தடிமன் அளவும் வேண்டும். மெக்னீசிய வீல்கள், சஸ்பென்ஷன் கைகள் எல்லாவற்றுக்கும் விரிசல் சோதனைச் சான்று கேளுங்கள். 1,098 சிசி என்ஜின் ஃபோர்டு 105இ வழி வந்தது. கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்றே பேரிங். அதிக சுற்றில் அது உடைந்தால் என்ஜினின் உடலான பிளாக்கையும் கூட்டிக்கொண்டு போகும். பிரித்துக் கட்டிய பிறகு எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவேடு இல்லையென்றால், ஒரு முழு என்ஜின் வேலையின் செலவை விலையில் கழியுங்கள்.

வீட்டின் மேல் கடன் வேண்டாம். இந்தக் கார் வருமானம் தராது. நிறுத்துமிடம், காப்பீடு, டயர் என்று மாதாமாதம் கேட்கும். பந்தயத்தில் நேரும் சேதத்துக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். சேதச் செலவின் முதல் பகுதி பெரிய தொகையாகவே உங்கள் தலையில் விழும், என்ஜின் தானாக வெடித்தால் காப்பீடே கிடைக்காது. ஐசாவிலிருந்து 80,000-ஐ எடுத்தால், ஆண்டுக்கு 20,000 என்ற வரம்பில் திரும்பப் போட நான்கு ஆண்டு ஆகும்.

எனவே ஐசாவில் பாதிக்கு மேல் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. மீதியை வெளிச் சேமிப்பிலிருந்து கடனின்றித் திரட்ட முடிந்தால் மட்டும் 75,000 பவுண்டு காரைப் பேசுங்கள். அதற்கு மேல் முதல் ஆண்டுச் செலவுக்கென 15,000-ஐத் தனியாக வையுங்கள். பெயர்பெற்ற காரில்தான் மனம் நிற்கிறது என்றால், ஆவணங்களைப் பார்க்க இரண்டு மாதம் கேட்டு, திருப்பித் தரக்கூடிய சிறு முன்பணம் மட்டும் கொடுங்கள். உதிரி கியர்கள், கூடுதல் வீல்கள், பழைய பிளாக் எல்லாம் விலையில் அடக்கமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பிறகு தனித்தனியாகத் தேடினால் ஆயிரக்கணக்கில் ஆகும்.