கடல் ஆரோக்கியமாக இருப்பது ஏன் அவசியம்? அதற்காகத் தனியொருவர் உருப்படியாக என்ன செய்ய முடியும்?

நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பதால் பூமியில் கூடுதலாகத் தேங்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கும் கடலுக்குள் போகிறது. இதன் பாதிப்பை மன்னார் வளைகுடாவில் கண்ணாலேயே பார்க்கலாம். தண்ணீர்ச் சூடு வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால், பவளம் தன் உடலுக்குள் வாழ்ந்து தனக்கு உணவு தரும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 2010, 2016 ஆண்டுகளில் அங்கே அப்படித்தான் பெருமளவு வெளுத்தது.

வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை, சூடு தணிந்தால் தேறிவரும். தேற விடாமல் செய்பவை வேறு இரண்டு. ஒன்று, கரையிலிருந்து வரும் கழிவுநீர். அதிலுள்ள சத்துகளால் பாசி தழைத்துப் பவளத்தை மூடுகிறது. மற்றொன்று, அந்தப் பாசியை மேயும் ஓரா, கிளிமீன் போன்றவற்றை அளவில்லாமல் பிடிப்பது. கடலின் சூட்டைத் தனியாளாகக் குறைக்க முடியாது. ஆனால் சாக்கடையிலும் மீன் சந்தையிலும் நம் ஒவ்வொருவருக்கும் பங்கு இருக்கிறது. அதனால் கடற்கரையில் குப்பை பொறுக்குவதைவிட இந்த இரண்டையும்தான் நான் முதலில் சொல்வேன்.

மீன் வாங்கும்போது அளவைப் பாருங்கள். ஒருமுறைகூட முட்டையிடாத மீனைப் பிடித்தால் அடுத்த தலைமுறையே இல்லை. கேரளத்தில் மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. எனக் குறைந்தபட்ச அளவைச் சட்டமே விதித்திருக்கிறது. அதற்கும் சிறியதைக் கூறு கட்டி மலிவாக விற்றால் வாங்காதீர்கள். வஞ்சிரம் சுமார் 70 செ.மீ. வளர்ந்த பிறகே முட்டையிடத் தொடங்கும். ஓட்டல்களில் முழுசாகப் பொரித்துத் தரும் 'குட்டி வஞ்சிரம்' அந்த வயதுக்கு வராதது. நெத்திலியையும் காரப்பொடியையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை வளர்ந்தாலே அவ்வளவுதான், சீக்கிரம் பெருகும், தாராளமாகச் சாப்பிடலாம்.

நண்டைத் திருப்பிப் பாருங்கள். வயிற்று மடல் அகலமாக இருந்தால் பெண். அந்த மடலுக்கு வெளியே ஆரஞ்சு நிறத்திலோ கறுத்தோ முட்டைத் திரள் ஒட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு வேறு நண்டு கேளுங்கள். கறுத்திருந்தால் பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். ஒரு நண்டிடம் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். சுறா இதற்கு நேர்மாறு. பால் சுறா ஓர் ஈற்றில் ஒன்றிலிருந்து எட்டுக் குட்டிகள்வரைதான் போடும், மத்திபோல் ஆயிரக்கணக்கில் அல்ல. சுறாப்புட்டு நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குத் தரும் பத்தியம், நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் வாராவாரம் உண்ணும் மீனாக அது இருக்க வேண்டாம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த மாதங்களில் நாட்டுப்படகு மீனாகக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதலாக இருக்கும், பேரம் பேசாமல் கொடுங்கள்.

அடுத்தது வீட்டுச் சாக்கடை. தெருவோர மழைநீர் வடிகால் பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆற்றுக்கோ கடலுக்கோ போவது. வீடு துடைத்த வாளித் தண்ணீரையோ பெயின்ட் கழுவியதையோ அதில் ஊற்றாதீர்கள். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் கொட்டாமல் வாணலியைப் பழைய நாளிதழால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், மிச்ச எண்ணெயைப் புட்டியில் சேர்த்து வையுங்கள். பாலியெஸ்டர் துணி ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளை உதிர்க்கும். இயந்திரம் நிறையும்வரை காத்திருந்து, குளிர்ந்த நீரில், குறைந்த நேரம் ஓடவிட்டால் உராய்வு குறைந்து உதிர்வதும் குறையும்.

கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகிறீர்கள் என்றால் முதலில் நைலான் வலைத் துண்டு, தூண்டில் நரம்பு, கயிறு இவற்றைப் பொறுக்குங்கள். ஆமையின் கழுத்திலும் துடுப்பிலும் சுற்றிக்கொள்பவை இவைதான். கரை ஒதுங்கிய பாசியையும் கடற்புல்லையும் அள்ளக் கூடாது, அவை மணலைப் பிடித்து வைக்கும், நண்டுக்கும் பறவைக்கும் உணவாகும். பெரும்பாலான முகாம்களில் நடக்கும் தவறு, நிரப்பிய மூட்டைகளைக் கரையிலேயே விட்டுச் செல்வது. இரவில் நாய் கிழித்தால் காலையில் எல்லாம் பழையபடி மணலில். குப்பை வண்டிக்கு முன்பே சொல்லிவைத்து, ஏற்றிய பிறகு கிளம்புங்கள்.

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒன்று. தமிழகக் கரையில் பங்குனி ஆமைகள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடும். ஏறக்குறைய 45 முதல் 55 நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி ஊரும், மாடி விளக்கு எரிந்தால் சாலைக்கு வந்து நசுங்கும். மே மாதம் வரை இரவில் கடல் பக்க விளக்கை அணையுங்கள், அல்லது தரை நோக்கித் திருப்பி மறைப்புப் போடுங்கள். வழி தவறிய குஞ்சைப் பார்த்தால் உப்புத்தண்ணீர் வாளியில் போடாமல், ஈர மணல் பரப்பிய பெட்டியில் வைத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.