மெத்தையைத் துவைக்க முடியாது, உறையைத் துவைக்கலாம்: வாசகர் கேள்வி–பதில்

வீட்டில் கைக்குழந்தையும் இல்லை, நோயாளியும் இல்லை. புது மெத்தை வாங்கப் போன இடத்தில், அதன்மேல் மாட்டும் நீர் புகாத உறையான மேட்ரஸ் புரொடெக்டரும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள். மேலே பெட்ஷீட் விரித்தால் போதாதா?
– வாசகி, தஞ்சாவூர்

போதாது. புரொடெக்டர் என்றாலே குழந்தையின் மூத்திரத்துக்கு என்று நினைக்கிறோம். மெத்தையைக் கெடுப்பதில் வியர்வைக்குத்தான் முதலிடம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதால் கண்ணில் படுவதில்லை. வியர்வை, தலைக்குத் தேய்த்த எண்ணெய், உதிரும் தோல் எல்லாம் பெட்ஷீட்டின் இழைகள் வழியாக உள்ளே போய்விடும். ஓராண்டு கழித்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், படுக்கும் இடம் மட்டும் மஞ்சள் பூத்திருக்கும். பெட்ஷீட்டை வெளுக்கலாம், ஆறு அங்குல ஃபோமை என்ன செய்வது?

அந்த ஈரத்திலும் தோல் துகளிலும்தான் தூசிப்பூச்சி பெருகுகிறது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் வாடிச் செத்துவிடும். நம் கடலோர ஊர்களில் அதற்கு ஏது வாய்ப்பு! காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல் போடுகிறவர்களில் பலருக்கு இந்தப் பூச்சியின் கழிவுதான் ஒத்துக்கொள்வதில்லை. மேல்பக்கத்தை மட்டும் மூடும் உறை இதை ஓரளவுதான் குறைக்கும். வீட்டில் ஆஸ்துமா இருந்தால் ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும் உறையே சரி.

இன்னொன்று. வாரன்டி அட்டையின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். மெத்தையில் கறை இருந்தால் வாரன்டி கிடையாது என்று பல நிறுவனங்கள் போட்டிருக்கும். பள்ளம் விழுந்ததற்கும் காப்பிக் கறைக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் அதே கதைதான்.

மெத்தை வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே பயன்படுத்துகிறோம். அதுவே பாதுகாப்புதானே?
– வாசகர், திருநெல்வேலி

இன்றே கழற்றிவிடுங்கள். அது லாரியில் வரும்போது தூசி படாமல் இருக்கப் போட்டது. காற்று போகாததால் உள்ளே சேரும் ஈரம் அங்கேயே தங்கி, அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். தேங்காய் நார் மெத்தையில் மக்கிய வாடை வருவது பெரும்பாலும் இப்படித்தான். சிறு குழந்தை படுக்கும் கட்டிலில் அந்த மெல்லிய பிளாஸ்டிக் கிழிந்து முகத்தில் ஒட்டினால் மூச்சுக்கே ஆபத்து.

78க்கு 60 அங்குல அளவில் ஒரு புரொடெக்டர் வாங்கினேன். மூலை கழன்று கழன்று வருகிறது. படுத்தால் சூடு, புரண்டால் சரசரவென்று சத்தம். எதைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்?
– வாசகர், கோவை

நீள அகலம் சரி, உயரத்தை விட்டுவிட்டீர்கள். மெத்தை எட்டு அங்குலம் என்றால் உறையின் ஆழம் பத்து அங்குலமாவது இருக்க வேண்டும், ஏனென்றால் எலாஸ்டிக் அடியில் மடிந்து பிடிக்க இடம் தேவை. துணி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். நம் ஊரில் நீளமே 72, 75, 78 என்று மூன்று விதமாக வருவதால், கட்டிலை அளக்காமல் மெத்தையை அளங்கள்.

சூடும் சத்தமும் ரெக்ஸின் போன்ற பிவிசி உறையின் குணம். மேலே டர்க்கி டவல் துணி, அடியில் டிபியு என்கிற மெல்லிய படலம் ஒட்டியதைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீரைத் தடுக்கும், வியர்வை ஆவியைக் கொஞ்சம் வெளியே விடும். நாலு மூலையிலும் எலாஸ்டிக் பட்டை மட்டும் உள்ள ரகம் வேண்டாம். கொட்டியது ஓரமாக வழிந்து பக்கவாட்டில் இறங்கிவிடும்.

வந்ததும் ஒரு சோதனை. செய்தித்தாள் மேல் உறையை விரித்து, நடுவில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, கையால் அழுத்தி, அரை மணி நேரம் கழித்துத் தாளைப் பாருங்கள். துவைத்த பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது என்பதால் இதை முதலில் செய்துவிட வேண்டும். விரிக்கும்போது துணிப் பக்கம் மேலே, வழவழப்பான பக்கம் மெத்தையைத் தொட வேண்டும். பலர் தலைகீழாகப் போட்டுவிட்டு வியர்க்கிறது என்கிறார்கள்.

புரொடெக்டரை வாஷிங் மெஷினில் போட்டேன். பிழியும்போது மெஷினே நடனமாடியது. கையால்தான் துவைக்க வேண்டுமா?
– வாசகி, சென்னை

நல்லவேளை, அத்தோடு நின்றது. நீர் புகாத துணி பலூன்போல உப்பித் தண்ணீரைச் சிறைப்பிடித்துக்கொள்ளும். டிரம் வேகமெடுக்கையில் அந்தத் தண்ணீர் ஒரே பக்கம் ஒதுங்க, சமநிலை போய்விடும். டாப் லோடில் இது இன்னும் மோசம், மெஷினே உடையலாம். நீர் புகாத துணிகளைப் போடக் கூடாது என்று உங்கள் மெஷின் கையேட்டில் இருந்தால், மறுபேச்சில்லாமல் வாளிதான். திரவ சோப்பில் அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, முறுக்காமல் கொடியில் போட்டுச் சொட்டவிடுங்கள். மெஷினில் போடலாம் என்றிருந்தால் அதைத் தனியாகப் போட்டு, மிதமான சுற்றில் துவைத்து, ஸ்பின்னை நிறுத்திவிட்டு எடுங்கள்.

ப்ளீச், இஸ்திரி, உச்சி வெயில் மூன்றும் படலத்துக்கு எதிரி. படலம் துணியைவிட்டுப் பிரிந்து கொப்புளம் கொப்புளமாக நிற்கும், அதன்பின் அது வெறும் டவல்தான். கம்ஃபர்ட் போன்ற மென்மையூட்டிகளும் வேண்டாம். டவலின் கண்ணிகளில் படிந்து, தண்ணீரை உறிஞ்சவிடாமல் செய்யும். தூசிப்பூச்சியைக் கொல்ல 60 டிகிரி வெந்நீர் வேண்டும், ஆனால் பல உறைகள் 40 டிகிரிதான் தாங்கும், லேபிளைப் பாருங்கள். சூடு தாங்காத உறையைச் சாதாரணத் தண்ணீரில் அலசி, பெட்ஷீட்டையும் தலையணை உறையையும் மட்டும் வெந்நீரில் துவைக்கலாம். மாதம் ஒரு சலவை போதும். இரண்டு வாங்கி வைத்தால் மழைக்காலத்தில் ஈர உறையை விரிக்கும் கொடுமை இருக்காது.

மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். ஆல்பா பெட் போட்டிருக்கிறோம். அதன்மேல் புரொடெக்டர் விரிக்கலாமா?
– வாசகி, மதுரை

விரிக்காதீர்கள். காற்று அறைகள் மாறி மாறி உப்பி உடலின் அழுத்தத்தை மாற்றுவதுதான் அந்தப் படுக்கையின் வேலை. இறுக்கமான உறை அதைத் தொட்டில்போல இழுத்துப் பிடித்துவிடும். புரொடெக்டர் அடியிலுள்ள சாதா மெத்தைக்கு இருக்கட்டும். மேலே தளர்வாக ஒரே ஒரு பருத்தி விரிப்பும் இடுப்புக்கு அடியில் ஈரத்தை உறிஞ்சும் ஒரு அண்டர்பேடும் போதும். நனைந்தால் உடனே மாற்றுங்கள், விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதை ஆல்பா பெட் இருக்கிறதென்று விட்டுவிடாதீர்கள். பிட்டத்திலோ குதிகாலிலோ தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்களுடையது இலவம்பஞ்சு மெத்தை. அதற்கும் வேண்டுமா?
– வாசகர், போடிநாயக்கனூர்

இலவம்பஞ்சுக்குப் பேர்போன உங்கள் ஊரில் இருந்துகொண்டு வேறு மெத்தை வாங்குவீர்களா! நீர் புகாத உறை இதற்குத் தேவையில்லை, காற்றோட்டம் போய்விடும். கெட்டியான பருத்தித் துணியில், ஒரு பக்கம் நாடா வைத்து மேலுறை தைத்துப் போடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை உறையைக் கழற்றித் துவைத்துவிட்டு, மெத்தையை இரண்டு பக்கமும் வெயில் காட்டி, தட்டி எடுங்கள். படுக்கையை நனைக்கிற வயதில் குழந்தை இருந்தால் மட்டும், அது படுக்கும் இடத்தில் இரவு ஒரு நீர் புகாத விரிப்பைப் போட்டு, காலையில் எடுத்துவிடுங்கள்.