முகத்தைக் காட்ட முடியாத படம்

வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள், இயற்பியல் பாடத்தோடு. பக்கத்து ஊரில் ஒரு பெண். அப்பாவின் குடிக்கடனை அடைக்க முன்பணம் வாங்கிக்கொண்டு நூல் மில்லுக்கு அனுப்பப்பட்டு, உள்ளே அடைபட்டுக் கிடந்து, தப்பி வந்தவள். அவளைப் பற்றிப் படம் எடுப்பேன் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். மாமா முதலில் இன்ஜினியரிங் என்றார். பிள்ளை மசியவில்லை என்றதும், "சினிமான்னா டைரக்டராவே ஆகட்டும், நாலு பேர் கேட்டா சொல்லிக்கலாம்" என்று சென்னையில் ஒரு தனியார் டைரக்‌ஷன் கோர்ஸைக் கை காட்டியிருக்கிறார். கட்டணம் லட்சக்கணக்கில். ஒன்றரை ஏக்கர் நிலத்தை அடமானம் வைக்கலாமா என்பது கேள்வி.

உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. ஆனால் பதில் ஒன்றுதான்: வைக்காதீர்கள். டைரக்‌ஷன் சான்றிதழைப் பார்த்து யாரும் படம் கொடுப்பதில்லை. மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும். முன்பணக் கடனில் சிக்கிய ஒரு வீட்டைப் படமெடுக்கப் போகிறவள் தன் வீட்டையே கடனில் தள்ளுவது எந்த ஊர் நியாயம்? இன்ஜினியரிங், விஸ்காம் (காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு) பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி குறைபட்டிருக்கிறீர்கள்: "எந்நேரமும் காதுல ஹெட்போன், அப்பத்தா பேசுறதைக்கூட போன்ல பதிவு பண்ணி வெச்சிருக்கா." எனக்கு அந்த வரி போதும். அவள் படிக்க வேண்டியது ஒலிப்பதிவு.

ஏன் என்று சொல்கிறேன். அவள் நினைக்கும் படத்தில் முகத்தைக் காட்டக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு அப்போது 18 வயது ஆகாமல் இருந்து, பாலியல் குற்றமும் சேர்ந்திருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயர், படம், பள்ளி, தெரு எதையும் வெளியிட விடாது. வயது வந்தவளாக இருந்தாலும் பாலியல் வன்கொடுமை என்றால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு இருக்கிறது, 2 ஆண்டு வரை சிறை. யூடியூபில் போட்டாலும் இதே சட்டம்தான். முகத்தை மங்கலாக்கினால் போதாது. தோடு, செருப்பு, பின்னால் தெரியும் தண்ணீர்த் தொட்டி, இவற்றை வைத்தே ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். குரலை மென்பொருளில் தடிமனாக்குவதும் ஏமாற்று வேலை, அதைத் திருப்பி எடுத்துவிடலாம். அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதி, நிறுத்திய இடத்தில் நிறுத்தி, தயங்கிய இடத்தில் தயங்கி, வேறொரு பெண்ணைப் பேச வைத்துப் பதிவு செய்வதே பாதுகாப்பு. ஆக, இந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தப்போவது கேமரா இல்லை, ஒலி.

சென்னை தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒலிப்பதிவு அங்கே 4 ஆண்டுப் பட்டப்படிப்பு. டைரக்‌ஷன், ஒளிப்பதிவு என்றுதான் எல்லோரும் ஓடுவார்கள், ஒலிப்பதிவு பலர் கண்ணில் படுவதில்லை. இடங்கள் குறைவு, தேர்வு உண்டு. இந்த ஆண்டின் தகுதி விவரத்தை அறிவிப்பு வந்ததும் வரி விடாமல் படியுங்கள். படித்து முடித்தால் டப்பிங் தியேட்டர், படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடி ஒலிப்பதிவு, டிவி, ஒலிப்புத்தகம் என்று சோற்றுக்கு வழி இருக்கிறது. சொந்தப் படத்தை அவசரமில்லாமல் பக்கத்தில் வைத்து வளர்க்கலாம்.

அதுவரை வீட்டிலேயே பழகட்டும். கையடக்க ரெக்கார்டர், காலர் மைக், மூடிய ஹெட்போன் மூன்றும் சேர்த்து ரூ.25,000 முதல் 30,000க்குள் அடங்கும். ரெக்கார்டரில் பதிவுத் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வைத்து, உச்சக் குரல் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். அளவு பூஜ்யத்தைத் தொட்டுக் கிழிந்த குரலை எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது. மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே. நைலக்ஸ் சேலை என்றால் சரசரப்பு, பருத்தி நல்லது. வளையலைக் கழற்றச் சொல்ல வேண்டும். ஃபேனை நிறுத்தி, கதவிலும் சுவரிலும் போர்வை தொங்கவிட வேண்டும். ஃபிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். நிறுத்தியதை மறந்து பால் கெட்டுப் போகாமலிருக்க வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். பேச்சு முடிந்ததும் யாரும் அசையாமல் 1 நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் எடிட்டிங்கில் வெட்டிய இடமெல்லாம் பள்ளம் பள்ளமாகக் கேட்கும். அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் பிரதி, கோப்புக்கு அந்தப் பெண்ணின் பெயரை வைக்காமல் எண் மட்டும்.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மனநல ஆலோசகர் உடன் இல்லாமல் அந்தப் பெண்ணைப் பேச வைக்கக் கூடாது. ஒரு அமர்வு 40 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். "என்ன நடந்துச்சு?" என்று தொடங்கினால் அவள் மறுபடி அந்த மில் அறைக்குள் போய்விடுவாள். இன்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்தாய், என்ன சமைத்தாய் என்று தொடங்கலாம். அழுதால் பதிவை நிறுத்த வேண்டும். "நல்ல ஷாட்" என்று தோன்றும் நொடி அதுதான், நிறுத்த வேண்டிய நொடியும் அதுதான். சம்மதம் இரண்டு முறை: பேசுவதற்கு முன், பிறகு எடிட் செய்ததைக் கேட்ட பின். தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். கதைக்குக் காசு கிடையாது. அன்றைய கூலியும் பஸ் செலவும் கொடுப்பது மரியாதை.

அந்தப் பெண்ணுடைய அப்பாவின் குடியையும் உங்கள் மகள் காட்ட விரும்புவாள். மறுவாழ்வு மையத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஆளை எடுக்கவே கூடாது. குடியை விட்ட முதல் நாட்களில் குழப்பமும் வலிப்பும் வரக்கூடியவரிடம் சம்மதம் வாங்குவதில் அர்த்தமில்லை. 2017 மனநலச் சட்டம் போதை தொடர்பான மனநிலைகளையும் நோயாகவே கணக்கில் எடுக்கிறது, சிகிச்சையில் இருப்பவர் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது. குடியை விட்டு ஒரு வருடமாவது தாண்டியவரைத் தேடட்டும். பேசிய பின் மறுபடி தவித்தால் கூப்பிட போதை மீட்பு உதவி எண் 14446 கையில் இருக்க வேண்டும்.

இப்படி 10 நிமிடப் படத்துக்குக் கருவிகள், கூலி, ஆலோசகர் கட்டணம் எல்லாம் சேர்த்து ரூ.70,000 என்று எல்லை கட்டுங்கள். கேமரா இரவல் போதும். அந்தத் தனியார் கல்லூரிக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் இந்த வாரமே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், ரசீதின் நகலையும் இணைத்து, ஸ்பீட் போஸ்ட்டில். மாமாவிடம் நான் பேச வேண்டுமென்றால் பேசுகிறேன். நிலப் பத்திரம் மட்டும் பீரோவை விட்டு வெளியே வர வேண்டாம்.